அல்லிக்கு முதல் பரிசு கொடுத்த ஆமை

ஒரு காட்டில் மழை வருவது நின்று போயிருந்தது. மழையை வரவேற்கும் விழா மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

ஆடி பிறந்ததும் பந்தல் போடுவார்கள். வாழைமரம் கட்டுவார்கள். குரங்குகள் மைக் செட்டைக் கொண்டுவந்து வைத்து, வானத்தை அண்ணாந்து பார்த்து, "ஹலோ, ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணு" என்று கத்தும். வானம் பதில் சொல்லாது. அதில் யாருக்கும் வருத்தமும் கிடையாது. விழா நடப்பது மழைக்காக அல்ல, விழாவுக்காகத்தான் என்பது அங்கே எல்லோருக்கும் எப்போதோ பழகிவிட்டது.

மழை ஏன் நின்றது என்பதும் எல்லோருக்கும் தெரியும். மேற்குச் சரிவில் கரடியார் பெத்தபெருமாள் கிழங்கு சுட்டு விற்க அடுப்புப் போட்டார். முதலில் ஓர் அடுப்பு. ருசி பரவியது, சரிவெல்லாம் அடுப்பானது. அடுப்புக்கு விறகு வேண்டும், விறகுக்கு மரம் வேண்டும். மேகங்கள் தங்கிப் போகிற சோலை முழுவதும் சாம்பலாயிற்று. மேகம் வந்து பார்த்தது. உட்கார இடமில்லை. அடுத்த காட்டுக்குப் போய்விட்டது.

யானை முதல் எலி வரை எல்லாம் சுட்ட கிழங்குக்கு வரிசையில் நின்றன. கிழங்கைப் பச்சையாகத் தின்ற காலத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "ஐயே, அதுவும் ஒரு பிழைப்பா" என்று முகத்தைச் சுளித்தன.

அந்தக் காட்டின் நடுவே ஒரு மடு. அந்த மடுவில் புலவர் தெய்வசிகாமணி என்ற ஆமை குடியிருந்தார். காட்டில் எந்தப் பேச்சுப்போட்டி நடந்தாலும் தலைமை நடுவர் அவர்தான். மேடையில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், புலவர் எண்ணத் தொடங்கிவிடுவார். உவமை எத்தனை, அடுக்கு எத்தனை, நடுவில் எச்சில் விழுங்கியது எத்தனை என்று ஒன்று பிசகாது. தன் வீட்டில் தண்ணீர் வருடத்துக்கு எத்தனை சாண் இறங்குகிறது என்பதையும் அதே சுத்தத்தோடு எண்ணி வைத்திருந்தார். எண்ணியதோடு சரி.

முன்பெல்லாம் அவர் முங்கினால் ஓடு தெரியாது. இப்போது முங்கினால் முதுகு வெயிலில் காய்ந்தது. இந்த மடு போய்விட்டால் அடுத்த தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கத்து ஆற்றில்தான். அவருடைய நடைக்கு, ஓடு மட்டும்தான் அங்கே போய்ச் சேரும். இந்த நினைப்பு வந்தால் உடனே தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். உள்ளே இருட்டாக, நிம்மதியாக இருக்கும்.

அதே மடுவில் ஒரு நீர்நாய்க் குடும்பமும் இருந்தது. அதில் மூத்தவள் அல்லி. சின்னப் பெண். அவளுக்கு உள்ளே இழுத்துக்கொள்ள ஓடு இல்லாததால், ஒருநாள் காலையில் நேராகக் காட்டுச் சபைக்குப் போனாள்.

சபைக்கு ஒரு பழைய முறை உண்டு. அங்கே ஒருவர் கேள்வி கேட்டால் பொழுது சாய்வதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வராவிட்டால், கேட்டவர் சொல்கிறபடி காடு நடந்தாக வேண்டும். முறை நல்ல முறைதான். அதனாலேயே சபையில் கேள்வி கேட்க டோக்கன் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது.

டோக்கன் கொடுப்பவர் செயலாளர் கீரி ஏகாம்பரம். அவருக்குப் பக்கத்தில் கரடியார் உட்கார்ந்து கிழங்கு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவர் அட்டையை வாங்கிப்போக வந்த புலவரும் அங்கே ஓரமாக நின்றிருந்தார்.

"என்ன கண்ணு வேணும்?" என்றார் கீரி.

"சபையில ஒரு கேள்வி கேக்கணும்ங்க."

"பலே. என்ன கேள்வி?"

"அடுப்பையெல்லாம் எப்போ அணைப்பீங்கன்னு."

கீரி கரடியாரைப் பார்த்தார். கரடியார் கையிலிருந்த கிழங்கைப் பார்த்தார். காட்டில் யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி அது ஒன்றுதான் என்பது இருவருக்கும் தெரியும்.

"அடடா, சபை டோக்கன் இப்பத்தானே தீர்ந்துபோச்சு" என்றார் கீரி. "ஆனா ஒண்ணு. பேச்சுப்போட்டியில ஓர் இடம் காலியா இருக்கு. அதே மேடை, அதே மைக், எதிரே அதே கூட்டம். சபைன்னா பாதிப் பேர் தூங்குவாங்க. போட்டின்னா முழிச்சுக் கேப்பாங்க. உனக்கென்ன, கேள்வியைக் கேட்டாச் சரிதானே?"

"கேட்டாச் சரிதாங்க" என்றாள் அல்லி.

புலவருக்குப் பகீரென்றது. சபையில் கேட்பதற்கும் போட்டியில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியாதா? போட்டியில் பேசியதற்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. மதிப்பெண்தான் கொடுக்கலாம். அந்த விதியை எழுதியதே அவர்தான். அதைச் சொல்லலாம் என்று கழுத்தை நீட்டினார்.

"புலவரே, உங்களுக்கு இந்த வருஷம் பட்டுச் சால்வை" என்றார் கீரி, திரும்பாமலே.

நீண்ட கழுத்து அப்படியே உள்ளே போயிற்று.

விழா நாளும் வந்தது. போட்டிக்குத் தலைப்பு, 'மழையே வருக'. முதலில் ஒரு முயல் பையன் ஏறி, "மழையே, நீ வானத்து முத்து, மழையே, நீ எங்கள் சொத்து" என்று தொடங்கி, பத்து, வித்து, கொத்து என்று போய், மேற்கொண்டு சொல் கிடைக்காமல் இறங்கினான். அடுத்து வந்த மான்குட்டி, "அவையோர்க்கு வணக்கம்" என்றதோடு எல்லாவற்றையும் மறந்துவிட்டு அம்மாவைத் தேடியது. புலவர் இருவருக்கும் மதிப்பெண் போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார்.

மூன்றாவதாக அல்லி ஏறினாள். மைக் உயரமாக இருந்தது. அவள் அதைச் சரிசெய்யச் சொல்லவில்லை. விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

"போன வருடம் இந்த மடுவில் என் அம்மா நீந்தினாள். இந்த வருடம் நடக்கிறாள். அடுத்த வருடம் என் தம்பிகள் அதில் என்ன செய்வார்கள்?

"மரத்தை வெட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். கிழங்கைத் தின்றது யார் என்றும் கேட்கவில்லை. நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. வாய்க்கு ருசியாக இருப்பது தொண்டைக்குத் தண்ணீர் ஆகாது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் பெரியவர்கள்.

"நீங்கள் கிழங்கு சுடவில்லை. எங்கள் மழையைச் சுட்டுத் தின்கிறீர்கள். நாங்கள் வளர்ந்து வந்து இலையைப் பார்க்கும்போது அதில் சாம்பல்தான் இருக்கும். எனக்குப் பேசத் தெரியாது. ஒன்றே ஒன்று கேட்க வந்தேன். அடுப்புகளை எப்போது அணைப்பீர்கள்?"

கேட்டுவிட்டு அவள் இறங்கவில்லை. கையை நீட்டிக் கரடியாரைக் காட்டியபடி அங்கேயே நின்றாள், பதில் வரும் என்று.

மடை திறந்ததுபோல் கைதட்டல்தான் வந்தது. குரங்குகள் கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தன. யானை கண்ணைத் துடைத்துக்கொண்டது. கரடியாரே எழுந்து நின்று தட்டினார். புலவர் மணி அடிக்க மறந்து போனார். அவர் மயிர் உள்ள பிராணியாக இருந்திருந்தால் அது சிலிர்த்திருக்கும்.

நடுவர்கள் மூவரும் புதருக்குப் பின்னால் கூடினார்கள். உச்சரிப்புக்கு மைனா, உடல்மொழிக்கு மயிலம்மையார், மற்றதெல்லாவற்றுக்கும் புலவர்.

"ழகரம் ஒண்ணுகூட வழுக்கல" என்றது மைனா. "நம்ம காட்டுல இது அதிசயம்."

"அந்தக் கையைப் பாத்தீங்களா?" என்றார் மயிலம்மையார். "சும்மா நீட்டினா பாருங்க. எங்க வீட்டுக்காரர் தோகை மொத்தத்தையும் விரிச்சாலும் அந்த எடுப்பு வராது."

புலவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "'நீந்தினாள், நடக்கிறாள்.' முரண். எவ்வளவு சிக்கனமான முரண்! 'எனக்குப் பேசத் தெரியாது.' அவையடக்கம், அதைத் தொடக்கத்தில் வைக்காமல் முடிவில் வைத்தாள் பாருங்கள். எல்லாவற்றையும்விட, 'நானும் தின்றேன்.' குற்றவாளிக் கூண்டில் தானும் ஏறிக்கொள்கிறாள். கேட்கிறவனுக்குக் கோபமே வராது. பெரிய உத்தி."

"உத்தியா? நெஜமாவே தின்னிருப்பாளோ என்னவோ" என்றது மைனா.

"தின்றாளா இல்லையா என்பது நம் வேலை இல்லை. எந்த இடத்தில் சொன்னாள் என்பதுதான் நம் வேலை."

"கடைசியில கேட்டாளே, அந்தக் கேள்வி?"

"அதற்குப் பெயர் பதிலை எதிர்பாராத வினா. ஐந்துக்கு ஐந்து."

"எதிர்பாக்குறேனே!" என்று ஒரு குரல் கேட்டது.

புதரை விலக்கிக்கொண்டு அல்லி நின்றாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. "கரடியாரைப் போய்க் கேட்டேங்க ஐயா. 'போட்டிப் பேச்சுக்குப் பதில் சொன்னா விதிமீறல் ஆயிடும் பாப்பா, அப்புறம் உன் மார்க்குதான் போகும்'னு சிரிக்கிறார். செயலாளர் என்னை ஏமாத்திட்டார்."

"போட்டியாளர் இங்கே வரக் கூடாது, அம்மா" என்றார் புலவர், எங்கோ பார்த்துக்கொண்டு.

"பந்தல் வாசல்ல உங்க விதியை எழுதித் தொங்க விட்டிருக்காங்க. தலைப்பைவிட்டு வெளியே போன பேச்சைப் போட்டியிலிருந்து தள்ளி, சபைக்கு அனுப்பணும்னு இருக்கு. தலைப்பு 'மழையே வருக'. நான் ஒரு தடவைகூட மழையை வான்னு கூப்பிடலையே ஐயா. நான் கூப்பிட்டது உங்களையெல்லாம்தான். என்னைத் தோக்கடிச்சிடுங்க."

புலவர் தம் காலத்தில் புதருக்குப் பின்னால் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறார். ஒரு மதிப்பெண் கூட்டிப் போடச் சொல்லிப் புழு கொண்டுவந்த தாய்மார்கள் உண்டு. அழுத அப்பாக்கள் உண்டு. தோற்கடிக்கச் சொல்லி வந்தவள் இவள்தான்.

அவள் சொன்னது சரி. தலைப்பு விலகியதை அவர் முதல் வரியிலேயே கவனித்துவிட்டார். அவர் கண்ணுக்கு அது தப்புமா? இப்போது தள்ளினால் பேச்சு நேரே சபைக்குப் போகும். சூரியன் இன்னும் பனைமரத்துக்கு மேலேதான் இருந்தது. அது சாய்வதற்குள் அந்தக் கேள்விக்கு எவராலும் பதில் சொல்ல முடியாது. அடுப்பு அணையும். மேகம் ஒருநாள் திரும்பி வரலாம். மடு பிழைக்கும். மடு பிழைத்தால் அவரும் பிழைப்பார். இதற்கு அவர் செய்ய வேண்டியதெல்லாம், 'நீக்கம்' என்று காட்டும் பழுத்த இலையை எடுத்து வைப்பது ஒன்றுதான். எத்தனையோ மான்குட்டிகளுக்கு அதைக் கைகூசாமல் எடுத்து வைத்தவர் அவர்.

முன்னங்காலை நீட்டி இலையைத் தொட்டும்விட்டார்.

அப்போது கீரி வந்தார். எப்போது வர வேண்டும் என்று கீரிகளுக்குத் தெரியும்.

"தாராளமாத் தள்ளுங்க புலவரே, விதி விதிதான்" என்றார். "நான் உங்க பேருக்காகத்தான் பயப்படுறேன். நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவான்? இந்தக் காட்டுல இதுவரைக்கும் பேசின பேச்சுலயே சிறந்த பேச்சு, அதைப் போய்த் தள்ளியிருக்காரே, ஆளுக்கு நயம் புரியலபோலன்னு சொல்ல மாட்டானா?"

புலவரின் கால் இலை மேலேயே நின்றது. ஆமைக்கு ஓட்டில் அடித்தால் வலிக்காது. இந்த அடி ஓட்டில் விழவில்லை.

"ஐயா," என்றாள் அல்லி, "அது உங்க வீடும்தானே?"

"அதனால்தான் அம்மா யோசிக்கிறேன்" என்றார் புலவர். சொல்லச் சொல்ல அவர் குரலுக்குத் தெம்பு வந்தது. "என் வீட்டுக்காக நான் உன்னைத் தள்ளினேன் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது. நடுவன் என்றால் நடுவில் நிற்க வேண்டும்."

"நடுவுல நில்லுங்க. ஆனா அங்க தண்ணி இருக்கணுமில்ல?"

மைனா சிரித்துவிட்டது. மயிலம்மையார் அதை முறைத்தார்.

"இவ்வளவு நல்ல பேச்சைத் தோற்கடிக்க என் மனசாட்சி இடம் கொடுக்காது" என்று புலவர் முடித்தார். "மேலும், தலைப்பு விலகவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் விலகியதுபோல் தெரியும். ஆனால், அடுப்பை அணை என்பதன் உட்பொருள் என்ன? மழையே வருக என்பதுதான். சாதாரண நடுவனுக்கு இது பிடிபடாது."

"அட, ஆமாம்!" என்றார் கீரி. "எனக்கே இப்பத்தான் பிடிபடுது."

பழுத்த இலை இருந்த இடத்திலேயே இருந்தது. புலவர் முதல் பரிசுக்கான பச்சை இலையை எடுத்து வைத்தார்.

முதல் பரிசை வழங்கியவர் கரடியார். பரிசு, கையடக்கமான ஓர் அடுப்பு. அல்லி அதை வாங்கினாள். மேடையின் நடுவில் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனாள்.

கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. "அந்த மௌனம்! அந்த நடை!" என்று மயிலம்மையார் கூவி, உடல்மொழிக்கு இன்னும் இரண்டு மதிப்பெண் கூட்டினார். புலவர் புதிய சால்வைக்குள் விம்மினார். தாம் செய்தது சரிதான் என்று அவருக்கு அப்போது துளியும் சந்தேகமில்லை. கைதட்டல் ஓய்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

மறுநாள் மேற்குச் சரிவில் புதிய விளம்பரப் பலகை ஒன்று முளைத்தது. அதில் அல்லியின் படம். கீழே கொட்டை எழுத்தில்: "'நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.' முதல் பரிசு அல்லி சொல்கிறார்!" அந்த வாரம் கிழங்கு வரிசை மலையைச் சுற்றி வளைந்தது. எதிர்ப்புப் பேச்சைக் கேட்டு உருகியவர்களுக்கு நல்ல பசி.

தை மாதத்தில் மடு குட்டையானது. மாசியில் சேறானது. ஒருநாள் காலை நீர்நாய்க் குடும்பம் ஆற்றைப் பார்த்துக் கிளம்பியது. அல்லி தம்பிகளை நிற்கச் சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கி வந்தாள்.

"ஐயா, வாறீங்களா?"

"என் நடை உனக்குத் தெரியுமே, அம்மா."

"நடக்க வேண்டாம். நாங்க மாத்தி மாத்தி உருட்டிக்கிட்டாவது போயிடுவோம். அம்மாகிட்ட கேட்டுட்டேன்."

புலவர் கழுத்தை நீட்டி மலையைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் அடுக்கியிருந்த ஓலைகளைப் பார்த்தார்.

"உன் பேச்சைப் பள்ளியில் பாடமாக வைத்திருக்கிறார்கள், தெரியுமா? அதற்கு நான்தான் உரை எழுதுகிறேன். 'எங்கள் மழையைச் சுட்டுத் தின்கிறீர்கள்' என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன். அந்த ஒரு வரிக்கே பன்னிரண்டு ஓலை ஆகிவிட்டது. பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவது?"

அல்லி அந்த ஓலைகளைப் பார்த்தாள். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"சரிங்க ஐயா. உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கரையேறினாள்.

இந்த இடத்தில் கதை கேட்பவர்கள், ஆமை காய்ந்து செத்திருக்கும், அதுதான் நியாயம் என்று நினைப்பார்கள். அப்படி நடக்கவில்லை. பாட நூலுக்கு உரை எழுதுகிறவர் காய்ந்து போனால் காட்டுக்குக் கெட்ட பெயர் அல்லவா? கரடியார் தம் செலவில் ஆற்றிலிருந்து தினமும் ஒரு குடம் தண்ணீர் வரவழைத்தார். அதில் ஒரு கோணிச்சாக்கை நனைத்துப் புலவர் மேல் போர்த்தினார்கள். சாக்கின் மேல் கரடியாரின் அடுப்புப் படம் அச்சடித்திருந்தது. மற்ற பிராணிகள் தண்ணீருக்கு வரிசையில் நின்று அடித்துக்கொண்டபோது, புலவரை மட்டும் இடம் தேடி வந்து நனைத்தார்கள்.

அடுத்த ஆடியிலும் விழா நடந்தது. பந்தல் போட அடுப்பில்லாத இடம் வேறு இல்லாததால் வற்றிய மடுவிலேயே போட்டார்கள். அந்த வருடப் போட்டி, அல்லியின் பேச்சை மனப்பாடமாக ஒப்பிப்பது. புலவர் ஈரச்சாக்குக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் அணில் பெண் வந்து, "போன வருடம் இந்த மடுவில் என் அம்மா நீந்தினாள்" என்று கணீரென்று தொடங்கி, 'இந்த மடுவில்' என்னும்போது கையை வானத்துக்கு உயர்த்தியது.

"நிறுத்து" என்றார் புலவர். "கையைக் கீழே காட்டு."

"ஏன் ஐயா?"

"மடு அங்கே இல்லை. இங்கேதான் இருந்தது. நீ நிற்கிற இடத்தில்."

அணில் குனிந்து பார்த்தது. பாளம் பாளமாக வெடித்த களிமண். அது பிறந்ததிலிருந்து அங்கே பார்த்தது இந்தக் களிமண்ணைத்தான். அதற்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கீழே காட்டினா மார்க்கு கூடுமா ஐயா?"

புலவருக்கு ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தார். அதற்குள் வெயில் ஏறி, முதுகில் சாக்கு காயத் தொடங்கியிருந்தது. கரடியாரின் ஆள் குடத்தோடு ஓரமாக நின்று இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூடும்" என்றார் புலவர். "இரண்டு."

சாக்கின் மேல் தண்ணீர் விழுந்தது. ஜில்லென்று இருந்தது.

நீதி: குளம் வற்றும்போது கூவாதே, கூவுகிறவர்களுக்கு மதிப்பெண் போடு. கூவியவர் மலை தாண்டிப் போக வேண்டியிருக்கும். மதிப்பெண் போட்டவருக்கு உட்கார்ந்த இடத்தில் ஈரச்சாக்கு வரும்.